மாமா இரவல் வாங்கிய இழைப்புளி

அன்புள்ள வாலுக்கு,

அப்பாவாகிய தலை எழுதுவது. தலையே எழுதுவதால் இதைத் தலையெழுத்து என்று நினைத்து முழுவதும் படித்துவிடு, பாதியில் மடித்து வைக்காதே. இங்கே நான் நலம், அம்மா நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் எங்கள் இருவரோடும் ஒத்துப்போகாமல் தனிக்கட்சி நடத்துகிறது. நீ, நீ வேலை செய்யும் மரப்பட்டறை, ஜன்னலில் வைத்திருப்பதாகச் சொன்ன அந்தச் செடி, மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. அம்மா புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள், போட்ட நாளிலிருந்து வீட்டில் இருக்கும் தூசி தும்பு எல்லாம் அவள் கண்ணில் படுகிறது, அதில் நானும் ஒருவன். மாடிக் குழாய் பழையபடி சொட்டுகிறது, நான் சரிசெய்த பிறகு கொஞ்சம் வேகமாகச் சொட்டுகிறது. வாரா வாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் எனக்கு ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல வருவதில்லை, பாதியில் ஏதாவது கேலி பண்ணிவிடுவேன், நீயும் சிரித்துவிடுவாய், விஷயம் நழுவிவிடும். முப்பத்திரண்டு வருஷம் தபால் பிரித்தேன், ஊரார் எழுதியதை எல்லாம் சரியான பெட்டியில் போட்டேன், என்னிடம் இருந்த ஒரே ஒரு செய்தியை மட்டும் இரண்டு வருஷம் நாலு மாதம் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இப்போது போட்டுவிடுகிறேன். மரம் சீவும் உன் இழைப்புளியை மாமா தொலைக்கவில்லை. தொலைத்தவன் நான். கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் இரண்டு நடை நடந்துவிட்டு வா, நான் இங்கேயே இருக்கிறேன்.

வந்துவிட்டாயா. நடந்ததைச் சொல்கிறேன். நீ அந்தப் பட்டறை வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை உன் சாமான் எல்லாம் மாடிக் கட்டிலில் பரப்பிக் கிடந்தது, உளிகளைப் பழைய போர்வையில் வரிசையாகச் சொருகி வைத்திருந்தாய், நடுவில் இழைப்புளிக்கு மட்டும் இடம் விட்டிருந்தாய். மழையில் உப்பிய தன் வீட்டுக் கதவைச் சீவுவதற்கென்று மாமா அதை முந்தின வாரம் வாங்கிப் போயிருந்தார். தைக்கக் கொடுத்த பையை வாங்கிவர நீ கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் வந்து, அதை நீ விட்டிருந்த இடத்தில் வைத்துவிட்டு, வயரிங் வேலை காத்திருக்கிறது என்று இறங்கிப் போனார். பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். அங்கேதான் என் குரங்குப் புத்தி வேலை செய்தது. நீ ஒரு தடவை என் மூக்குக் கண்ணாடியின் சில்லு இரண்டையும் கழற்றிவிட்டு வெறும் சட்டத்தை மேஜையில் வைத்தாய், நான் அதைப் போட்டுக்கொண்டு, அச்சு சரியில்லை என்று பத்திரிகைக்காரனைத் திட்டிக்கொண்டே அரை மணி நேரம் படித்தேன், நினைவிருக்கிறதா. அதற்கு நான் பழிவாங்கவே இல்லை. போகிற பிள்ளைக்கு ஒரு பதில் கொடுத்து அனுப்புவோம் என்று, இழைப்புளியை எடுத்து ஒரு காகிதத்தில் சுற்றி, காகிதத்தில் 'தேடினாயா வாலே' என்று எழுதி, படிக்கட்டுக்கு அடியில் இருந்த சாக்கு மூட்டைக்குள், உடைந்த பம்புக்கும் துருப்பிடித்த கீல்களுக்கும் நடுவில் செருகி வைத்தேன். நீ வீட்டைத் தலைகீழாக்கித் தேடி, மூக்கு சிவக்கிற சமயம் பார்த்து எடுத்து நீட்டுவதாகத் திட்டம். பிறகு உன் சான்றிதழ்களை நகல் எடுக்கப் போனேன், கடையில் கூட்டம். திரும்பி வந்து பார்த்தால் படிக்கட்டின் அடி துடைத்துவிட்டது போல இருந்தது. உன்னை வழியனுப்ப ஆட்கள் வருவார்களே, வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று அம்மா அந்த மூட்டையைப் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்திருந்தாள்.

நான் அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். மூன்று தெரு தாண்டி இரும்புக்காரரின் வண்டியைப் பிடித்தேன், வண்டி காலி. கிடங்கில் இறக்கியாயிற்று, அங்கே பிரித்தும் ஆயிற்று, மரப்பிடி போட்டது, கைக்கருவி மாதிரி இருப்பது எல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்காரர்கள் உடனே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். நான் வீட்டு வாசலில் வந்து நின்றபோது உள்ளே நீ போன் பண்ணி வரவழைத்த மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தாய். அவர் வைத்துவிட்டுத்தான் போனேன் என்கிறார், நீ கட்டிலில் இருந்த காலி இடத்தைக் காட்டுகிறாய். கடைசியில் நீ சொன்ன வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது. "கேட்டு வாங்கத் தெரிஞ்ச மாமாவுக்கு, திருப்பிக் குடுக்கத் தெரியல." அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. நாளைக்குள் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், நாளை வந்தது, நீ போய்விட்டாய். இழைப்பது உன் தொழில் என்றால் பிழை இழைப்பது என் தொழில், அதில் நான் தேர்ந்த ஆள்.

அதிலிருந்துதான் ஞாயிறு காலையில் நடக்கப் போகிறேன் என்று உன்னிடம் அளந்துகொண்டிருந்தேன். நடந்தது உண்மை, எங்கே என்றுதான் சொல்லவில்லை. சரக்கு ரயில் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தைக்கு வெளிச்சம் முழுதாக வருவதற்கு முன்பே போய்விட வேண்டும், அப்போது போனால் அது சந்தை மாதிரியே இருக்காது, யாரோ கண்ட கனவுக்குள் செருப்போடு நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும். தரை தெரியாத அளவுக்குப் பனிமூட்டம், அதற்குள் தார்ப்பாய்கள் ஒவ்வொன்றாக விரியும், சத்தமில்லாமல் சுத்தியல்கள் வந்து படுக்கும், அரங்கள், குறடுகள், பல் போன ரம்பங்கள், பிடியில்லாத உளிகள், எல்லாம் கைகளை எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்தவை போல ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடக்கும். செய்தவர் யார் தெரியாது, வைத்திருந்தவர் யார் தெரியாது, தபால்காரன் கணக்கில் எல்லாமே விலாசம் இல்லாத உருப்படிகள். நான் நடுவில் நின்று, இந்தச் சுத்தியல் எத்தனை வீட்டுக் கதவுக்கு ஆணி அடித்திருக்கும், அந்த வீடுகளில் இப்போது யார் பல் தேய்த்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன், யோசித்து முடிக்கையில் வெயில் வந்து கடைகளைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். பத்தொன்பது வயதில் நீ என்னை முதன்முதலில் அங்கே இழுத்துப் போனபோது நான் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றேன். ஒரு குவியலின் அடியிலிருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுத்த கட்டையை எடுத்து மோந்து பார்த்தாய், அதுதான் இந்த இழைப்புளி. இதைப் போய் மோந்து பார்க்கிறாளே, அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நீ தகட்டை உருவிக் காட்டி, நுனிக்குப் போகப் போகத் தடிக்கிறது பார் அப்பா, இரும்போடு எஃகை ஒட்டின கோடு தெரிகிறது பார், இது கையால் அடித்தது என்றாய். முன்மூக்கில் மூன்று புள்ளியும் நகக்குறி போல ஒரு பிறையும் இருந்தன, மூன்று புள்ளி ஒரு ஆசாரியுடையது, பிறை அவருக்குப் பின்னால் வைத்திருந்தவருடையது, மூன்றாவது ஆள் நான் என்றாய். அன்றைக்குக் கேட்டதை எல்லாம் நான் அறுபது வயதுக்கு மேல் பாடம் படிக்கிறேன்.

பாடத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர் சொல்லி நீ கேட்கக் கூடாது. எந்தக் கோணல் கையெழுத்தையும் படித்தவனுக்கு இரும்பைப் படிக்கத் தெரியாதா என்று முதல் மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். துளை போடும் கருவி என்று ஒன்றை வாங்கி வந்தேன், அது செருப்புத் தைப்பவரின் தோல் இழுக்கும் குறடு. மரத்தச்சர் வட்டம் போடும் கவராயம் என்று ஒன்றைக் கொண்டுவந்தேன், அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது ஆட்டுக்கு ரோமம் வெட்டும் கத்தரியில் பாதி என்றாள், புதுக் கண்ணாடி போடுவதற்கு முன்பே. ஆறாவது மாதம் ஒரு சின்ன இழைப்புளி கிடைத்தது, அதே அளவு, அதே கறுப்பு, மூக்கில் ஏதோ குத்தின குறி, அழுக்கு அடைத்துக்கொண்டிருந்ததால் என்ன குறி என்று தெரியவில்லை. பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டேன். உனக்குக் காட்டும்போது பளபளவென்று இருக்க வேண்டுமே என்று வீட்டுக்கு வந்ததும் உப்புக்காகிதத்தைப் போட்டுத் தேய்த்தேன், இரண்டு நாள் தேய்த்தேன், கட்டை பிறந்த குழந்தை மாதிரி வெள்ளையாக வந்தது, தகடு கண்ணாடியாக மின்னியது. தேய்த்து முடித்துத் திருப்பிப் பார்க்கிறேன், மூக்கில் குறியே இல்லை. எதை வைத்து அது உன்னுடையதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமோ அதையே நான் தேய்த்து எடுத்திருக்கிறேன். விலாசத்தை அழித்துவிட்டு இந்தக் கடிதம் யாருக்கு என்று தேடும் தபால்காரனை நீ பார்த்திருக்க மாட்டாய், உன் அப்பாதான் அவன். அதற்குப் பிறகு அந்த வெள்ளைக் கட்டை என் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, நான்தானா இல்லையா, நான்தானா இல்லையா என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. உனக்குப் படம் அனுப்பிக் கேட்டிருக்கலாம், கேட்டால் கதையைச் சொல்ல வேண்டும். கனவில்கூட அதுதான் வரும், நீ மாடியில் நின்று சர்ர் சர்ரென்று சீவுவாய், சுருள் சுருளாக மரம் படிக்கட்டில் வழிந்து இறங்கி வரும், என் முழங்கால் வரை வந்துவிடும், நான் அதற்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டே இருப்பேன்.

சந்தையில் ஒரு அக்கா கடை போடுகிறார், வயதில் எனக்குத் தங்கைதான், எல்லாரும் எண்ணெய் அக்கா என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே. மடியில் ஒரு எண்ணெய்த் துணி எப்போதும் இருக்கும், கையில் எடுத்த எதையும் அதால் ஒரு துடைப்பு துடைக்காமல் கீழே வைக்க மாட்டார். நான் வெள்ளைக் கட்டையின் கதையைச் சொன்ன அன்று, துருவைத் துருவித் துருவிப் பார்க்க வேண்டியதுதான், அதற்காகத் தோலை உரித்தா பார்ப்பது என்று திட்டினார், மறுவாரம் தேநீரும் வாங்கிக் கொடுத்தார். போன ஞாயிற்றுக்கிழமை அவர் தார்ப்பாயில், கீல்களுக்கு நடுவில், பச்சை வண்ணம் அப்பிய ஒரு கட்டை கிடந்தது. கதவுக்கு அடிக்கும் பச்சை. யாரோ எதற்கோ முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு, சுவருக்கு அடிக்கும்போது சேர்த்து அடித்திருப்பார்கள். எடுத்தேன், பிடித்துப் பார்த்தேன், கைக்குச் சரியாக உட்காரவில்லை, விளிம்பு ஒன்று விரலில் இடித்தது, கீழே வைத்துவிட்டேன். ஆமாம் வாலே, வைத்துவிட்டேன், அடுத்த கடைக்குத் திரும்பியும் விட்டேன். பின்னாலிருந்து அந்த அக்கா யாரிடமோ சொல்வது போல, தணிந்த குரலில் சொன்னார். "அது உங்க கைக்கு வராது சார். இடது கைக்காரங்க யாரோ வச்சிருந்திருக்காங்க."

 திரும்பி வந்து இடது கையில் எடுத்தேன். கட்டைவிரல் தானாகப் போய் ஒரு பள்ளத்தில் படுத்துக்கொண்டது. நீ மாடிப்படியில் உட்கார்ந்து, எல்லாக் கருவியும் வலது கைக்காரர்களுக்கே செய்து வைத்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே, பேனாக்கத்தியால் உன் கட்டைவிரலுக்கென்று செதுக்கிய பள்ளம். படிக்கட்டு முழுக்கக் குப்பை போடுகிறாய் என்று அன்றைக்கு உன்னைத் திட்டியது நான். அப்பா விரலுக்கு அது கொஞ்சம் சின்னதாக இருந்தது, ஆனால் உன் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்த காலம் வந்து போனது. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, துணியை மண்ணெண்ணெயில் நனைத்து மூக்குப் பக்கம் மட்டும் மெதுவாக ஒற்றி ஒற்றி எடுத்தார், தேய்க்கவில்லை. பச்சை கரைந்தது, முதலில் ஒரு புள்ளி வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது, பிறகு பிறை வந்தது. மேகம் விலகி வருகிற மாதிரிதான் வந்தது, மிகைப்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்து வெள்ளைக் கட்டையையும் இடது கையில் பிடித்துப் பார்த்தேன், பள்ளமும் இல்லை கிள்ளமும் இல்லை, அது வேறு யாரோ ஒருவருடையது, பாவம், அவருடைய குறியையும் நான் அழித்திருக்கிறேன். அது இப்போது ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வேலை பார்க்கிறது.

அன்றே இழைப்புளியைத் துணியில் சுற்றிக்கொண்டு மாமாவைத் தேடிப் போனேன். இங்கே உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை நீ போனில் பேசும்போது பின்னால் ஒரு இருமல் கேட்கும், அப்பா மருந்து சாப்பிடக் கூடாதா என்று நீ என்னைத் திட்டுவாய். அது என் இருமல் இல்லை. மாமா வந்து பக்கத்து அறையில், படத்தில் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து உன் குரலைக் கேட்டுவிட்டுப் போவார், இரண்டு வருஷமாக அப்படித்தான். நான் போனபோது அவர் ஒரு கடையில் ஏணி மேல் நின்று வயர் இழுத்துக்கொண்டிருந்தார். இறங்கச் சொன்னால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று, கீழே நின்றபடியே, மேலே பார்த்துக்கொண்டு, மூட்டையில் வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேடிக்கையாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை, வேண்டுமானால் அவரைக் கேட்டுப் பார். அவர் வயரை முறுக்குவதை நிறுத்தவே இல்லை. எனக்கு அன்றைக்கே தெரியும் அத்தான் என்றார். டார்ச்சை மறந்துவிட்டு எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார், நான் மூட்டைக்குள் கையை விட்டுச் செருகுவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார், அப்பாவும் பெண்ணும் எதையோ விளையாடுகிறார்கள் என்று போய்விட்டார். பிறகு நீ அவரைக் கேட்டபோது, படிக்கட்டடியில் மூட்டையையும் காணாததால் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு ஏனப்பா வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், தப்பு செய்தவனுக்குக் கோபம் முதலில் வந்துவிடுகிறது. அப்போதுதான் அவர் கீழே பார்த்தார். "தூரமாப் போற புள்ள, அப்பா மேல கோபத்தோட போனா அங்க தூங்காது. மாமா மேலன்னா என்ன, போன் பண்ணாது, அவ்வளவுதானே. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன் அத்தான். இவ்வளவு நாளாகும்னு நெனைக்கல." சொல்லிவிட்டு மறுபடி வயரை முறுக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அது ஆடாமல் இருக்கவா, நான் ஆடாமல் இருக்கவா என்று எனக்கே தெரியவில்லை.

இறங்கி வந்ததும் துணியைப் பிரித்து இழைப்புளியை வாங்கிப் பார்த்தார். வலது கையில் பிடித்தார், சிரித்தார், இடது கைக்கு மாற்றினார். இந்த மழைக்குக் கதவு மறுபடியும் உப்பிக்கொண்டு இழுத்தால் வர மாட்டேன் என்கிறது, ஒரு நாள் கொடுங்களேன் என்று கேட்டார். நான் கொடுத்துவிட்டேன். அம்மாவிடமும் அன்றே சொல்லிவிட்டேன். மூட்டையைத் தூக்கிக் கொடுத்தவள் அவள் என்று தெரிந்தால் வருத்தப்படுவாளே என்பதும் நான் மறைத்ததற்கு ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் பயம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை என் செருப்பில் ஒன்றைக் காணோம், கேட்டால், மூட்டையில போய்ப் பாருங்க என்கிறாள். அதனால் மன்னித்துவிட்டாள் என்றுதான் தோன்றுகிறது, ஒற்றைச் செருப்பு இன்னும் கிடைக்கவில்லை.

ஆக, அம்மாடி, உன் இழைப்புளி இப்போது மாமா வீட்டில் இருக்கிறது. ஒரு நாள் என்று வாங்கினவர் இன்றோடு ஆறு நாளாகத் திருப்பித் தரவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே அவரிடம்தான் இருக்கிறது, நான் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். நான் போய்க் கேட்கப் போவதில்லை, எனக்கு அந்த உரிமை இல்லை, பொருள் உன்னுடையது. அன்றைக்கு எந்த வாயால் கேட்டாயோ அதே வாயால் நீயே போன் பண்ணி, மாமா, என் இழைப்புளி எங்கே என்று கேள். அதற்கு முன்னால் என்ன சொல்ல வேண்டும், பின்னால் என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன், அதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாக வரும். என் மேல் கோபம் வந்தால் வரட்டும், வைத்துக்கொள், அது எனக்கு வர வேண்டிய தபால், இரண்டு வருஷமாக வேறு வீட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் தூங்காமல் மட்டும் இருக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. தகட்டைச் சாணை பிடிக்கும்போது பேச்சுக் கொடுக்கிறவர்களிடம் பேசாதே. மாமாவைக் காலை எட்டு மணிக்கு முன்னால் கூப்பிடு, அதற்குப் பிறகு ஏணி ஏறிவிடுவார், போன் பையில் கிடக்கும். உன் கை இரண்டும் நன்றாக இருக்கட்டும், இடது கை இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அம்மாவின் முத்தம் இதோடு வருகிறது, வழியில் பிரித்துப் பார்க்கமாட்டார்கள், எங்கள் இலாகா நாணயமானது.

தலைகுனிந்தபடி,
உன் தலை